படுக்கையருகே இரண்டு படிப்பு

இறையியலையும், பயோஎதிக்ஸ் எனப்படும் உயிரறவியலையும் சேர்த்துப் படிக்க ஒரு படிப்பு உண்டு என்று கேள்விப்பட்ட பிள்ளைகள் ஊரிலிருந்து அவ்வப்போது என்னோடு பேசுவார்கள். பாளையங்கோட்டை, நாகர்கோவில், வேலூர்ப் பக்கத்தவர்கள். பெரும்பாலும் நர்ஸிங் முடித்தவர்கள், பி.டி. என்னும் இறையியல் பட்டப்படிப்பில் சேரலாமா என்று யோசிப்பவர்கள் சிலர். டாக்டர்களும் ஒன்றிரண்டு பேர். முதலில் வேலை கிடைக்குமா என்று கேட்பார்கள். பிறகு, “அக்கா, ரெண்டையும் எதுக்குச் சேத்துப் படிக்கணும்? ஒண்ணு போதாதா?” என்பார்கள். வேலை பற்றிய கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிட முடிகிறது. அடுத்த கேள்விக்கு உட்கார்ந்து எழுதினால்தான் சரிவரும் என்று தோன்றியது.

நான் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் சாப்ளினாக இருக்கிறேன். நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆன்மிகத் துணையாக இருக்க மருத்துவமனையே சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஊழியர்தான் சாப்ளின். எந்த மதத்தவரானாலும், மதமே வேண்டாம் என்பவரானாலும் போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். மதம் மாற்றும் பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது. அதோடு, மருத்துவமனையின் அறநெறிக் குழுவிலும் இருக்கிறேன். வென்டிலேட்டரை எடுக்கலாமா, நினைவில்லாத நோயாளிக்காக யார் முடிவெடுப்பது, ரத்தம் ஏற்ற மறுப்பவரிடம் எப்படி நடந்துகொள்வது என்று டாக்டர்களும் நர்ஸுகளும் குடும்பத்தாரும் திகைத்து நிற்கும்போது அந்தக் குழுவைக் கூப்பிடுவார்கள்.

இந்த வேலைக்கு என்னைத் திருப்பியது ஊரில் பார்த்த நர்ஸ் வேலை. திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். டாக்டர் வெளியே வந்து, “இனிமே நாங்க செய்றதுக்கு ஒண்ணுமில்ல, வீட்டுக்குக் கொண்டுபோறதுன்னா கொண்டுபோங்க” என்பார். சற்று நேரத்தில் சபை ஐயர் வந்து, கர்த்தர் கைவிட மாட்டார், விசுவாசத்தோடு இருங்கள் என்று ஜெபித்துவிட்டுப் போவார். இருவரும் அக்கறையோடு சொன்னார்கள். ஆனால் அந்த இரண்டு பேச்சுக்கும் நடுவே, பில்லையும் நகை அடகுச் சீட்டையும் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் நின்ற குடும்பத்தோடு யாரும் நிற்கவில்லை. “சிஸ்டர், நீங்க சொல்லுங்க, என்ன செய்ய?” என்று என்னிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குரிய மரியாதையைக் கொடுக்க எனக்குப் பயிற்சி வேண்டியிருந்தது.

படிக்கப் போகிறேன் என்றதும் அம்மா கேட்டாள்: “ஏட்டி, நீ என்ன, ஐயராவப் போறியா, டாக்டராவப் போறியா?”

“ரெண்டும் இல்லம்மா. ரெண்டு பேரும் போன பெறவு வார்டுல இருக்க ஆளு வேணும்லா, அதுக்கு.”

அம்மாவுக்கு அது புரிந்தது. அப்பா போன ராத்திரியில் அப்படி ஒரு ஆள் வேண்டியிருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

படித்தது வின்ஸ்டன்-சேலம் நகரிலுள்ள வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில். அதன் இறையியல் பள்ளி 1999இல் வகுப்புகளைத் தொடங்கியது. எம்.டிவ். பட்டம் மூன்று ஆண்டு, உயிரறவியல் எம்.ஏ.வையும் சேர்த்துக்கொண்டால் நான்கு ஆண்டில் இரண்டையும் முடிக்கலாம். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்திலும் இப்படியொரு கூட்டுப் படிப்பு உண்டு. எம்.டிவ். நம் ஊர் செராம்பூர் பி.டி.யைப் போன்றது: வேதாகமம், சபை வரலாறு, இறையியல், பிரசங்கம், மேய்ப்புப்பணி. உயிரறவியலில் சட்டம், தத்துவம், ஆராய்ச்சி நெறிமுறை, மருத்துவ வழக்குகள். ஒன்றுக்கு ஆசிரியர்கள் போதகர்களும் வேத அறிஞர்களும். மற்றதற்கு டாக்டர்களும் வழக்கறிஞர்களும் தத்துவம் படித்தவர்களும்.

அந்த நகரம் புகையிலையால் வளர்ந்தது. கேமல் சிகரெட் செய்த ரெனால்ட்ஸ் கம்பெனியின் ஊர். 1941இல் மருத்துவக் கல்லூரி அங்கே இடம்பெயர்ந்து வந்தபோது, அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்த போமன் கிரே விட்டுச்சென்ற பணம் உதவியது. கல்லூரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. பல்கலைக்கழகம் 1956இல் வந்ததும் ரெனால்ட்ஸ் குடும்ப அறக்கட்டளையின் கொடையால்தான். இன்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் கட்டடம் முன்பு புகையிலைத் தொழிற்சாலையாக இருந்தது. நுரையீரல் நோயாளிகளைப் பார்க்கப் போகும் மாணவர்கள் அந்தக் கட்டடத்தில் படிக்கிறார்கள். மருத்துவ அறத்தை வானத்திலிருந்து பேச முடியாது, அது எப்போதும் ஒரு ஊரில், ஒரு வரலாற்றுக்குள், யாரோ கொடுத்த பணத்தில் நடக்கிறது என்பதைப் புத்தகத்தைத் திறக்கும் முன்பே நகரம் கற்றுக்கொடுத்தது.

இறையியல் வகுப்பில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது 88ஆம் சங்கீதம். புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் அழுகையில் தொடங்கினாலும் எங்காவது ஓரிடத்தில் நம்பிக்கைப் பக்கம் திரும்பும். 88 திரும்பாது. இருட்டில் தொடங்கி இருட்டிலேயே முடியும். சபையில் வளர்ந்த எனக்கு அதை யாரும் பிரசங்கித்த ஞாபகமில்லை. ஆனால் அதைத் தொகுத்தவர்கள் வெட்டி எறியவில்லை. ஆறுதலே இல்லாத ஒரு ஜெபமும் வேதம்தான் என்று வைத்துக்கொண்டார்கள். பிற்பாடு வார்டில் எத்தனையோ முறை அது எனக்குத் துணை வந்தது. தேற்ற வருகிறவர்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோயாளிகள் உண்டு. அவர்களில் விருப்பப்பட்டவர்களுக்கு அந்தச் சங்கீதத்தை வாசித்துவிட்டு, விளக்கம் ஏதும் சொல்லாமல் புத்தகத்தை மூடுவேன். பேச்சு அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

உயிரறவியல் வகுப்பின் ஒழுங்கு வேறு. அங்கே ‘கடவுளின் சித்தம்’ என்பதை வாதமாக வைக்க முடியாது. உன் நம்பிக்கை இல்லாதவரும் எடைபோட்டுப் பார்க்கக்கூடிய காரணத்தைச் சொல் என்பார்கள். நோயாளி என்ன விரும்பினார், அதற்குச் சான்று என்ன, இந்த சிகிச்சையால் எதை எதிர்பார்க்கலாம், இதனால் யாருக்கு என்ன பாரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுத வேண்டும். ஜான்சன், சீக்லர், வின்ஸ்லேட் என்ற மூவர் 1982இல் வெளியிட்ட மருத்துவ அறவியல் நூல் இதற்கு ஒரு முறையைக் கொடுத்திருக்கிறது: மருத்துவ நிலை, நோயாளியின் விருப்பம், வாழ்வின் தரம், சூழல் என்று தாளை நான்காகப் பிரித்து எழுதுவது. இன்றும் எங்கள் குழு அப்படித்தான் எழுதுகிறது.

இந்த இரண்டு துறைகளும் அந்நியர்கள் அல்ல என்பதை வரலாற்றுப் பாடத்தில் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் உயிரறவியலுக்கு வழிவகுத்தவர்களில் இறையியலாளர்கள் பலர். எபிஸ்கோப்பல் குருவான ஜோசப் ஃப்ளெட்சர் 1954இலேயே மருத்துவமும் ஒழுக்கமும் பற்றி நூல் எழுதினார். மெதடிஸ்ட் இறையியலாளர் பால் ராம்சே 1968லும் 1969லும் ஜார்ஜ்டவுன் மருத்துவக் கல்லூரியில் டாக்டர்களோடு இருந்து பார்த்துவிட்டு, நோயாளியை ஒரு முழு மனிதராகக் காண்பது பற்றி 1970இல் புத்தகம் வெளியிட்டார். அலபாமாவின் டஸ்கிகீயில் சிஃபிலிஸ் நோயிருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு, பென்சிலின் வந்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படிப் போகிறது என்று 1932 முதல் 1972 வரை அரசுச் சுகாதாரத் துறை வேடிக்கை பார்த்தது. அது வெளியே தெரிந்த பிறகு 1974இல் அமைக்கப்பட்ட தேசிய ஆணையத்தின் 11 பேரில் இருவர் இறையியல் படித்தவர்கள்: ஆல்பர்ட் ஜான்சன், கேரன் லெபாக்ஸ். மனிதர்களை வைத்து நடக்கும் ஆராய்ச்சிக்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் 1979ஆம் ஆண்டின் பெல்மாண்ட் அறிக்கை அந்த ஆணையம் தந்ததுதான்.

கேரன் ஆன் குவின்லன் வழக்கை இரண்டு வகுப்பிலும் படித்தோம். 1975இல், 21 வயதில், நினைவிழந்து வென்டிலேட்டரில் கிடந்த பெண். பெற்றோர் பக்தியுள்ள கத்தோலிக்கர்கள். தங்கள் பங்குக் குருவிடம் கேட்டார்கள். சாதாரண அளவைத் தாண்டிய சிகிச்சைகளை ஏற்றே ஆகவேண்டும் என்ற கடமை இல்லை என்று பாப்பரசர் 12ஆம் பயஸ் 1957இல் மயக்க மருந்து மருத்துவர்களிடம் சொன்னதைக் குரு அவர்களுக்கு எடுத்துக்காட்டினார். பெற்றோரின் மனச்சாட்சி அமைதியானது அந்தப் போதனையால். ஆனால் 1976இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் வென்டிலேட்டரை எடுக்க அனுமதித்தபோது, அந்தரங்க உரிமையைக் காரணமாகச் சொன்னது. கத்தோலிக்கர் அல்லாதவருக்கும் அது பொருந்தியது. மருத்துவமனைகளில் அறநெறிக் குழுக்கள் இருப்பது நல்லது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. வென்டிலேட்டரை எடுத்த பிறகும் கேரன் 1985 வரை உயிரோடிருந்தாள். அத்தனை ஆண்டுகள் அவளைப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்த பெற்றோருக்குத் தீர்ப்பு ஏதும் செய்ய முடியாது. அந்த இடத்தில் எனக்கு என் வேலை தெரிந்தது. தீர்ப்பு எழுதும் திறமையும், தீர்ப்புக்குப் பிந்தைய ஆண்டுகளைச் சுமக்கிறவரோடு இருக்கும் திறமையும் ஒரே ஆளிடம் இருந்தால் எவ்வளவு நல்லது!

ஆனால் இரண்டும் சேர்ந்தால் போதும், எல்லாம் நன்றாக நடக்கும் என்று நினைக்க விடாமல் என்னைத் தடுத்தது அந்த மாநிலத்தின் இன்னொரு வரலாறு. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வட கரோலினாவில் 1929 முதல் 1974 வரை சுமார் 7,600 பேருக்கு அரசு ஏற்பாட்டில் கருத்தடை செய்யப்பட்டது. ‘மந்தபுத்தி’, ‘மனநோய்’, ‘காக்காய் வலிப்பு’ என்று காரணம் எழுதினார்கள். ஏழைகள், விடுதிப் பிள்ளைகள், மணமாகாமல் கருவுற்ற பெண்கள், பின்னாட்களில் பெருமளவில் கறுப்பினப் பெண்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மற்ற மாநிலங்களில் இது குறைந்தது, இங்கே கூடியது. இதை ஆதரித்துப் பிரசாரம் செய்ய 1947இல் ஒரு சங்கமே தொடங்கப்பட்டது, நான் படித்த அதே வின்ஸ்டன்-சேலத்தில். சேர்ந்தவர்கள் ஊரில் மதிப்புள்ளவர்கள், தொழிலதிபர்கள், டாக்டர்கள். அந்நகரத்து நாளிதழ் 2002இல் தொடராக எழுதிய பிறகுதான் பலருக்கு விஷயம் தெரிந்தது. ஆளுநர் மன்னிப்புக் கேட்டார். 2013இல் ஒரு கோடி டாலர் ஒதுக்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கச் சட்டம் செய்த முதல் மாநிலமாக வட கரோலினா ஆனது.

எலேன் ரிடிக் என்பவரின் கதை இந்த வரலாற்றின் பொதுப் பதிவில் இருக்கிறது. பலாத்காரத்தால் கருவுற்ற 14 வயதுச் சிறுமி. 1968இல் பிரசவத்தோடு சேர்த்து அவளுக்குக் கருத்தடையும் செய்துவிட்டார்கள். அவளுக்குச் சொல்லவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சம்மதப் படிவத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். வளர்ந்து கல்யாணம் ஆன பிறகுதான் தனக்கு நடந்தது அவளுக்குத் தெரிந்தது. அரசு தன் கோப்பில் ‘மந்தபுத்தி’ என்று எழுதிய அந்தப் பெண்தான் பிற்காலத்தில் அரசு அமைத்த குழுவின் முன் நின்று நியாயம் கேட்டார்.

இதை வகுப்பில் படித்த வாரம் எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஏனென்றால் இதில் என் இரண்டு படிப்புமே குற்றவாளிகள். நடைமுறை இல்லாததால் நடந்த கொடுமை இல்லை இது. மாநிலத்துக்கென்று ஐந்து பேர் கொண்ட வாரியம் இருந்தது. மனு, விசாரணை, கையெழுத்து, கோப்பு எல்லாம் ஒழுங்காக இருந்தன. இன்று நான் உட்காரும் குழுவுக்கும் அதே மாதிரி மேசைதான். மறுபக்கம், போதகர்களும் விலகி நிற்கவில்லை. மனித இனத்தை மேம்படுத்துவதாகச் சொல்லி இத்தகைய கருத்தடையை ஆதரித்த அமெரிக்க யூஜெனிக்ஸ் சங்கம் 1926இல் பிரசங்கப் போட்டியே நடத்தியது. நல்ல குழந்தைகள் மட்டும் பிறப்பதுதான் இறைவனின் ராஜ்யம் வரும் வழி என்று பலர் பிரசங்கித்தார்கள். அன்பின் பெயரால் பேசினார்கள், ஏழைகள் மீது இரக்கப்பட்டுத்தான் செய்கிறோம் என்று நம்பினார்கள்.

இரக்கத்துக்கு ஒரு கணக்குக் கேட்பவர் வேண்டும். ‘இந்தப் பாட்டிக்குப் படிக்கத் தெரியாதே, இது எப்படிச் சம்மதமாகும்?’ என்று கேட்கிற ஒருவர். நடைமுறைக்கு ஒரு முகம் காட்டுபவர் வேண்டும். ‘இந்தக் கோப்பில் இருப்பவள் ஒரு சிறுமி, அவளிடம் யாராவது பேசினீர்களா?’ என்று கேட்கிற ஒருவர். உயிரறவியல் என் பக்தியைக் கேள்வி கேட்கிறது. இறையியல் என் தீர்மானங்களைக் கேள்வி கேட்கிறது. ஒன்றை மற்றொன்று கண்காணிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டையும் ஒரே ஆள் படிக்க வேண்டும் என்கிறேன்.

படித்தது உடம்பில் இறங்கியது சி.பி.இ. என்னும் மருத்துவமனைப் பயிற்சியில். ஆன்டன் பாய்சன் என்ற போதகர் இதைத் தொடங்கினார். அவரே மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925 கோடையில் மாசசூசெட்ஸின் உஸ்டர் மனநல மருத்துவமனைக்கு இறையியல் மாணவர்களைக் கூட்டிப்போய், புத்தகங்களைப் படிப்பதுபோல மனிதர்களையும் கவனமாகப் படிக்கச் சொன்னார். இன்று ஒரு யூனிட் பயிற்சிக்குக் குறைந்தது 400 மணி நேரம். அதில் பெரும்பகுதி வார்டில், மற்றது குழுவோடும் மேற்பார்வையாளரோடும்.

அந்தப் பயிற்சியின் உயிர், வெர்பாட்டிம் எழுதுவது. நோயாளியோடு நடந்த உரையாடலை அறையை விட்டு வெளியே வந்தபின் நினைவிலிருந்து வரிக்கு வரி எழுதி, எழுதிய தாளைக் குழுவின் முன் வைக்க வேண்டும். எங்கள் குழுவில் பாப்டிஸ்ட் போதகர், இமாமாகப் பயிற்சி பெறுபவர், கடவுள் நம்பிக்கை இல்லாத மனிதநேயர் என்று பலதரப்பட்டவர்கள் இருந்தார்கள். கல்லீரல் செயலிழந்த ஒரு லாரி டிரைவரோடு நான் பேசியதை ஒருநாள் வாசித்தேன். மகனைப் பற்றிக் கேட்டதும் அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார் என்று எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் அந்த ஒரு வரியில் எங்களை நிறுத்தினார். அவர் திரும்பியபோது அறையில் என்ன மாறியது? நீ எதைப் பார்த்தாய்? அடுத்து நீ செய்த ஜெபம் யாருடைய தேவைக்காக? அரைமணி நேரத்துக்குமேல் அந்த ஒரு வரியைத்தான் பேசினோம். ஜெபம் என்பது சங்கடமான மௌனத்திலிருந்து சாப்ளின் தப்பித்துக்கொள்ளும் வழியாகிவிடக் கூடாது என்று கற்றுக்கொண்டது அங்கே. மறுநாள் அவரிடம் போய், ஜன்னலுக்கு வெளியே என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன். மகனோடு பேச்சு நின்றுபோன கதையை அவராகவே சொன்னார்.

இரண்டு படிப்பும் ஒன்றாக வேலை செய்யும் விதத்தைக் காட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கணவரை இழந்த ஒரு கறுப்பின மூதாட்டி. நோய்த்தொற்று ரத்தத்தில் பரவி, சிறுநீரகம் நின்று, வென்டிலேட்டரில் இருந்தார். தன் சார்பில் பேச யாரையும் முன்கூட்டியே எழுதி நியமிக்கவில்லை. ஐந்து பிள்ளைகள். மூவர் இனி அம்மாவை வேதனைப்படுத்த வேண்டாம் என்றார்கள். மூத்த மகனும் கடைசி மகனும் ஒப்புக்கொள்ளவில்லை. வட கரோலினா சட்டப்படி, இத்தகைய நிலையில் கணவனோ மனைவியோ இல்லாவிட்டால், தொடர்புகொள்ள முடிந்த பெற்றோரிலும் வயதுவந்த பிள்ளைகளிலும் பெரும்பான்மையோர் சொல்வது செல்லும். மூவர், இருவரைவிட அதிகம். அறநெறிக் குழுவைக் கூப்பிட்ட டாக்டர், “சட்டப்படி நிறுத்தலாம்தானே?” என்றார். நிறுத்தலாம்.

அந்தக் குடும்பத்துக்கு நான் சாப்ளின். அதனால் அறநெறி ஆலோசனையைச் சக ஊழியர் ஒருவர் நடத்தினார். ஒரே குடும்பத்துக்கு இரண்டு பொறுப்பையும் ஒருவரே ஏற்கக் கூடாது என்பது நாங்கள் விடாமல் கடைப்பிடிக்கும் நெறி. சாப்ளினிடம் மனம்விட்டுச் சொன்னது, அனுமதியில்லாமல் ஆலோசனைக் குறிப்பில் போய்விடக் கூடாது. சக ஊழியர் டாக்டர்களிடம் பேசி மூன்று நாள் அவகாசம் வாங்கினார்: சிகிச்சை அப்படியே தொடரும், எந்தெந்த அறிகுறி தெரிந்தால் முன்னேற்றம், எது தெரியாவிட்டால் இல்லை என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுவது. பாரபட்சமில்லாத அந்த ஏற்பாடு சண்டையின் சூட்டைத் தணித்தது.

அந்த மூன்று நாளும் நான் மூத்த மகனோடு இருந்தேன். அவர் சிறிய பாப்டிஸ்ட் சபை ஒன்றின் போதகர். அம்மா எழுந்து வருவாள் என்று சபைக்கு முன்னால் அறிக்கையிட்டு ஜெபித்திருந்தார். சபையே உபவாசத்தில் இருந்தது. இப்போது சம்மதித்தால் தன் ஜெபத்தையும் சபையின் விசுவாசத்தையும் தானே கைவிட்டதாகிவிடும் என்பது அவர் பயம். இதற்குமுன் ஆஸ்பத்திரிகளில் தம் இனத்தாருக்கு நடந்ததையெல்லாம் அவர் அறிந்திருந்தார் என்பதும் அந்தப் பயத்தில் சேர்ந்திருந்தது. நான்காகப் பிரித்த தாளில் இதற்கு ‘சூழல்’ என்ற கட்டத்தில் ஒரு வரி கிடைக்கும். எனக்கோ அது அவருடைய முழு ஊழியம், முழு வாழ்க்கை.

அற்புதத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்களோடு பேச ‘ஆமென்’ என்று பெயரிட்ட ஒரு முறை 2014இல் வெளியானது. முதலில் அவர்களின் நம்பிக்கையை மதித்து ஏற்பது. அவர்கள் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேர்வது. பிறகு மருத்துவ நிலையை விளக்குவது. முடிவு எதுவானாலும் விட்டுப் போக மாட்டோம் என்று உறுதி சொல்வது. மூத்த மகனோடு நான் வாதாடவே இல்லை. நானும் அவரோடு அற்புதத்துக்காக ஜெபித்தேன், மனமார. பிறகு ஒரு மாலையில், அவருடைய அப்பா இறந்தபோது அம்மா எதற்காக ஜெபித்தார் என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, அவர் தனியாகப் போகக் கூடாது என்று ஜெபித்தார் என்றார். சபையாரைக் கூட்டிவந்து அம்மாவைச் சுற்றி நின்று பாடலாமா என்று அடுத்து அவரே கேட்டார். அவர் அனுமதியோடு அதைச் சக ஊழியரிடம் சொன்னேன். தீவிர சிகிச்சைப் பிரிவின் பார்வையாளர் விதியைத் தளர்த்த நர்ஸுகள் முன்வந்தார்கள்.

மூத்த மகன் இசைந்த பிறகு வென்டிலேட்டரை எடுத்தார்கள். கடைசி மகன் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அம்மா இறந்த பிறகு வராந்தாவில் நின்று, தான் சம்மதிக்கவில்லை என்பதை யாராவது எழுதி வையுங்கள் என்று கத்தினார். எழுதினோம். அறநெறிக் குறிப்பில் அவர் பெயரோடு, அவர் சொன்ன காரணங்களோடு, அவர் சம்மதிக்கவில்லை என்று பதிந்தோம். பதிந்ததை அவரிடம் வாசித்துக் காட்டினார் சக ஊழியர். பிறகு விடியும்வரை அவரோடு நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாட்டியின் பெருக்கல் குறியைச் சம்மதம் என்று எழுதிக்கொண்ட மாநிலத்தில், ஒருவர் சம்மதிக்காததைச் சரியாக எழுதி வைப்பது சிறிய காரியமில்லை. எழுதிவிட்டு எழுந்து போய்விடாமல் இருப்பதும் அப்படித்தான்.

ஆராய்ச்சிகளும் இந்த அனுபவத்தை ஒட்டியே நிற்கின்றன. முற்றிய புற்றுநோயாளிகள் 345 பேரைத் தொடர்ந்த ஓர் ஆய்வு 2009இல் வந்தது. தங்கள் சமயத்தை மிகவும் பற்றிக்கொண்டவர்களில் 11.3 சதவீதம் பேர் கடைசி வாரத்தில் வென்டிலேட்டரில் இருந்தார்கள். அவ்வளவாகப் பற்றாதவர்களில் 3.6 சதவீதம். அதே ஆய்வுக் குழுவினர் 2010இல் இன்னொன்றையும் சொன்னார்கள்: ஆன்மிகத் தேவைகளை மருத்துவக் குழுவே கவனித்துக்கொண்ட நோயாளிகள் ஹாஸ்பிஸ் என்னும் இறுதிக்காலப் பராமரிப்பை அதிகம் பெற்றார்கள். விசுவாசிகளைப் ‘புரியாதவர்கள்’ என்று ஒதுக்குவதால் அவர்களுக்கு நல்ல மரணம் கிடைப்பதில்லை. அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் மருத்துவர்களின் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இனி வேலை விஷயம். அமெரிக்காவில் மெடிகேர் என்னும் அரசு மருத்துவக் காப்பீட்டின் விதிப்படி ஹாஸ்பிஸ் குழு ஒவ்வொன்றிலும் டாக்டர், நர்ஸ் முதலியவர்களோடு ஆன்மிக ஆலோசகரோ வேறு ஆலோசகரோ இருக்க வேண்டும். சாப்ளின்களுக்கு நிலையான வேலைவாய்ப்பு அங்கே உண்டு. பெரிய மருத்துவமனைகளிலும் உண்டு. தகுதிச் சான்றிதழுக்கு எம்.டிவ். அளவிலான படிப்பும் நான்கு யூனிட் சி.பி.இ.யும், அதற்குமேல் 2,000 மணி நேரப் பணியும், சொந்தச் சமயத்தாரின் பரிந்துரையும், குழுவின் நேர்காணலும் தேவை. அறநெறி ஆலோசகர்களுக்கு 2018 முதல் தனித் தேர்வு நடக்கிறது. முழுநேர அறநெறி வேலைகள் குறைவு. சாப்ளின் வேலையோடு சேர்த்துச் செய்பவர்கள் பலர். கட்டணம் அதிகம்தான். இறையியல் பள்ளிகளில் உதவித்தொகை பொதுவாகத் தாராளமாகக் கிடைக்கும், உயிரறவியல் பக்கம் அவ்வளவு எதிர்பார்க்க வேண்டாம். கடன் வாங்கும் முன் இதை வீட்டில் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

ஊருக்குத் திரும்ப நினைப்பவர்களுக்கும் சொல்வேன், அங்கே தேவை பெரிது. கௌரவமான மரணத்துக்கு உரிமை உண்டு என்று நம் உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலின் நடைமுறையை 2023இல் எளிதாக்கியது. சிகிச்சையை நிறுத்த வேண்டுமானால் இரண்டு மருத்துவ வாரியங்கள் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது மூவர், எல்லோரும் டாக்டர்கள். குடும்பத்தோடு உட்கார என்று அந்த விதியில் யாருக்கும் இடமில்லை. வேலூர் சி.எம்.சி. போன்ற மிஷன் மருத்துவமனைகளில் சாப்ளின்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். அரசு மருத்துவமனையின் வராந்தாவில், எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் உட்காரும் பயிற்சி பெற்ற ஆட்கள் நமக்கு வேண்டும். அம்மன் கோயில் குங்குமத்தையும் நாகூர்க் கயிற்றையும் கையில் வைத்திருப்பவரின் மொழியை மதிக்கத் தெரிந்தவர்களாக, அதே சமயம் சம்மதப் படிவத்தைப் படித்து, ‘இது இவருக்குப் புரிந்ததா?’ என்று டாக்டரிடம் கேட்கத் துணிந்தவர்களாக அவர்கள் இருக்க வேண்டும்.

ஒன்று போதாதா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு என் பதில் இதுதான். பக்தி உள்ளவர்கள் உயிரறவியல் படியுங்கள். உங்கள் பக்தி அடுத்தவரின் முடிவை எடுத்துக்கொள்ளாமல் காக்கும். வாதத் திறமை உள்ளவர்கள் இறையியல் படியுங்கள். உங்கள் வாதம் முடிந்த பிறகும் அழுகிறவரோடு இருக்கப் பழக்கும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கிறதென்றால் இரண்டையும் படியுங்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன், பக்கத்து ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு, பார்க்க யாருமே வராத ஒரு நோயாளியிடம் வாரம் ஒருமுறை போய் உட்காருங்கள். சில மாதங்களில் உங்களுக்குள் கேள்விகள் எழும். அவற்றில் பாதி இறையியலில் இருக்கும், பாதி உயிரறவியலில் இருக்கும். அப்போது வந்து என்னிடம் பேசுங்கள், விண்ணப்பத்தைச் சேர்ந்தே எழுதலாம்.